பேக்ஸ்6 ஜீனை சுண்டெலியில ஆராயும்போது நாம வழுக்கி விழுற இடங்கள்

பேக்ஸ்6-ன்னாலே "கண்ணை உருவாக்குற ஜீன்"னு ஒரே வரியில முடிச்சிடுறோம், முதல் தப்பே அதுதான். அது ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர், டிஎன்ஏ மேல போய் உக்காந்து மத்த ஜீன்களை ஆன், ஆஃப் பண்ற புரோட்டீன், அவ்வளவுதான். 1995-ல வால்டர் கேரிங் லேப்ல சுண்டெலியோட பேக்ஸ்6-ஐ எடுத்து பழ ஈயோட உடம்புல வேற இடத்துல வேலை செய்ய வச்சாங்க, கண்ணு முளைச்சிச்சு, ஆனா முளைச்சது எலிக்கண்ணு இல்ல, ஈயோட கூட்டுக்கண்ணு! "இங்க ஆரம்பி"ன்னு சொன்னதுதான் எலி ஜீன், செங்கல்லும் கொத்தனாரும் ஈயோடது.

கண்ணோட நிறுத்துறதும் தப்பு. அம்மாவோடது ஒண்ணு, அப்பாவோடது ஒண்ணுன்னு வர்ற பேக்ஸ்6 காப்பி ரெண்டுமே கெட்டுப்போன குட்டிக்கு கண்ணும் இருக்காது மூக்கும் இருக்காது, மூளை கார்டெக்ஸ், கணையத்துல இருக்குற ஆல்ஃபா செல் எல்லாமே அடிவாங்கும், பொறந்த கொஞ்ச நேரத்துலயே செத்துடும். இது தெரியாம மூணு வாரம் கழிச்சு வால் நுனி வெட்டி ஜீனோடைப் பண்ணிட்டு, அதாவது எதுக்கு எத்தனை காப்பி கெட்டிருக்குன்னு பார்த்துட்டு, "ஹோமோசைகஸ் (ரெண்டு காப்பியும் கெட்டது) ஒண்ணு கூட இல்ல, கருவுலயே போயிடுது போல"ன்னு எழுதிடாதீங்க, செத்த குட்டிய அம்மா எலியே தின்னு முடிச்சிருக்கும்.

அடுத்தது கருவோட நாள் கணக்கு, நான் நல்லா வாங்கிக்கட்டுன இடம். பிளக், அதாவது இணை சேர்ந்ததுக்கு அடையாளமா பெண் எலியோட பிறப்புறுப்புல தெரியுற அடைப்பு, பார்த்த அன்னைக்கு மத்தியானம் கருவுக்கு 0.5 நாள், லென்ஸ் வரப்போற இடத்துல தோல் தடிக்கிறது 9.5 வாக்குல. ஒரே வயித்துல இருந்து எடுத்த ரெண்டு எம்ப்ரியோவ பக்கத்துல வச்சு, ஒண்ணுல தடிப்பே இல்லன்னு குதிச்சேன், அப்புறம் சோமைட்ட (கரு வளர வளர முதுகுல வரிசையா கூடிக்கிட்டே போற திசுக்கட்டி) எண்ணிப் பார்த்தா அதுக்கு 20, இன்னொண்ணுக்கு 26, ரெண்டுமே வைல்ட் டைப், ஜீன் கெடாத சாதாரண எலி! பாவம், அது லேட்டா வளருது, அவ்வளவுதான். அதனால தேதிய நம்பாதீங்க, சோமைட்ட எண்ணுங்க.

ஒரு காப்பி கெட்டா கண்ணு சின்னதாகும், சரி, கூடுதல் காப்பி போட்டா பெருசாகும்னு நெனைக்காதீங்க, அப்பவும் சின்னதாதான் ஆகும், அளவு அவ்வளவு டைட்டு.

கடைசியா கன்ட்ரோல், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைக்கிற எலி. லேப்ல வழக்கமா வளர்க்குற பிளாக்6 ரக எலியில ஒண்ணுமே பண்ணாமலே சிலதுக்கு கண்ணு சின்னதா வரும், அதுவும் வலது கண்ணு, பெண் எலியில ஜாஸ்தி. லென்ஸுக்குன்னு எல்லாரும் வாங்குற எல்ஈ-கிரே லைனும் (லென்ஸ் வர்ற இடத்துல ஜீனை வெட்டுற கிரே என்சைம் இருக்குற எலி வம்சம்) சில எலி ரகத்தோட பேக்கிரவுண்டுல தனியாவே கண்ணைக் கெடுக்கும். கிரே மட்டும் இருக்குற லிட்டர்மேட்ட (ஒரே ஈத்துல பொறந்த குட்டிய) பக்கத்துல வைக்காம படம் எடுக்கவே எடுக்காதீங்க.