டெவனில் திருமணப் படம் எடுக்கும் முன்

இங்கிலாந்தின் டெவன் கவுண்டியில் திருமணம் வைப்பவர்கள், மண்டபத்தை முடிவு செய்யும்போதே சூரியன் மறையும் நேரத்தையும் கடலின் ஏற்றவற்றத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. ஜூன் இறுதியில் இரவு 9.30 மணி வரை சூரியன் இருக்கும். டிசம்பரிலோ மாலை 4.15 மணிக்கே மறைந்துவிடும். டெவனின் தென்கரையை ஒட்டியுள்ள சிறு தீவான பர்க் தீவுக்கு நீர் வற்றியிருக்கும்போதுதான் மணலில் நடந்து செல்லலாம். மற்ற நேரத்தில் உயர்ந்த சக்கரங்கள் கொண்ட கடல் டிராக்டரில் போக வேண்டும், அதுவே அழகான படமாகவும் அமையும். டார்ட்மூர் மேட்டுநிலத்தில், கடல்மட்டத்திலிருந்து 457 மீட்டர் உயரத்திலுள்ள ஹேடோர் கருங்கற்பாறையைத் தேர்ந்தெடுத்தால், கார் நிறுத்துமிடத்திலிருந்து புல்மேட்டில் ஏற வேண்டியிருப்பதாலும் மறைப்பின்றிக் காற்று வீசுவதாலும், மணமகள் தட்டையான காலணி அணிந்து, முகத்திரையைக் கூடுதல் ஊசிகளால் இறுக்கிக்கொள்ள வேண்டும்.