பழைய பூங்காவைப் புதுப்பிக்கும் முன்: வேர், மண், மழைநீர்க் கணக்கு

சென்னையிலும் மற்ற மாநகராட்சிகளிலும் முப்பது, நாற்பது ஆண்டு பழைய வார்டு பூங்கா ஒன்றுக்குப் பணம் ஒதுக்கப்பட்டதும் பெரும்பாலும் ஒரே வேலைதான் நடக்கிறது. பழைய நடைபாதைக்கு மேலேயே புது பேவர் கல் போடுகிறார்கள், புது கேட் வைக்கிறார்கள், கலர் விளக்கு மாட்டுகிறார்கள், மரத்தைச் சுற்றி கிரானைட் மேடை கட்டுகிறார்கள். இரண்டு மழைக்காலம் போனதும் கல் எழும்பிவிடும், விளக்கு அணைந்துவிடும், மேடைக்குள் சிக்கிய மரம் உச்சிக்கிளையிலிருந்து காயத் தொடங்கும். பழைய பூங்காவில் பணம் கொடுத்து வாங்க முடியாத சொத்து அந்த மரமும் அதன் நிழலும்தான். சென்னை செனாய் நகர் திரு.வி.க. பூங்கா மெட்ரோ பணிக்காகப் பத்தாண்டுக்கும் மேல் மூடிக் கிடந்தது. திறந்த பிறகும் பழைய நிழல் உடனே வந்துவிடவில்லை. அதனால் திட்டத்தைத் தரைக்குக் கீழிருந்து போடுங்கள். இங்கே சொல்லப்படும் அளவுகள் அரை ஏக்கரிலிருந்து இரண்டு ஏக்கர் வரையுள்ள பூங்காக்களுக்குப் பொருந்தும்.

மழையில் தொடங்கி மழைக்கு முன் முடியுங்கள்

பார்வையிட ஏற்ற மாதம் நவம்பர். தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து தெருத் தண்ணீர் உள்ளே வருகிறது, எந்த மின்பெட்டி நனைகிறது என்பதெல்லாம் வடகிழக்குப் பருவமழையில்தான் தெரியும். டிசம்பர், ஜனவரியில் வரைபடம், பிப்ரவரி, மார்ச்சில் எஸ்டிமேட்டும் டெண்டரும், ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை கட்டுமானம், செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் நடவு. இந்த வரிசை தலைகீழானால் முதலில் சாவது செடி. மார்ச் 31-க்குள் பில் போட வேண்டும் என்ற அவசரத்தில் நட்ட கன்றுகள் கத்திரி வெயிலைத் தாண்டுவது அரிது.

மரக் கணக்கு

ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து வரைபடத்தில் குறியுங்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் தண்டின் சுற்றளவை டேப்பால் அளந்து, அதை நான்கால் பெருக்குங்கள். சுற்றளவு 150 செ.மீ. என்றால் 6 மீட்டர். தண்டிலிருந்து அந்த ஆரத்துக்குள் ஜேசிபி வரக்கூடாது, ஆழமாகத் தோண்டக்கூடாது, மண் கொட்டி மேடாக்கக்கூடாது, சிமெண்ட் கலக்கக்கூடாது. இந்த வட்டத்தை ஒப்பந்த வரைபடத்திலேயே சிவப்புக் கோட்டால் போட்டுவிடுங்கள். வாயால் சொன்னது வேலை நடக்கும் இடத்தில் நிற்காது.

பிறகு அடிமரத்தைப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள மரம் தரையைத் தொடும் இடத்தில் விரிந்து, வேர்கள் புறப்படும் தடிப்பு கண்ணுக்குத் தெரியும். தண்டு மின்கம்பம் போல நேராகத் தரைக்குள் போனால், பழைய வேலைகளில் யாரோ மண்ணோ ரப்பீஷோ (கட்டட இடிபாடு) கொட்டி அதைப் புதைத்திருக்கிறார்கள் என்று பொருள். மூச்சு விடும் நுண்வேர்கள் பெரும்பாலும் மேல் அரை மீட்டர் மண்ணில்தான் இருக்கும். அதன் மேல் 30 செ.மீ. மண் ஏறினாலே காற்று குறைந்து வேர் அழுகத் தொடங்கும். மரம் உடனே சாகாது, சில ஆண்டுகளில் மெல்லக் காயும். அதனால்தான் காரணத்தை யாரும் அந்த வேலையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. இப்படிப்பட்ட மரங்களில் கூடுதல் மண்ணைக் கைக்கருவியால் மெதுவாக எடுத்து, அடித்தடிப்பு தெரியும் வரை இறக்குங்கள். கட்டிய மேடையை உடையுங்கள். உட்கார இடம் வேண்டுமென்றால் தண்டிலிருந்து தள்ளி, தனித்தனிக் கால்களில் நிற்கும் பெஞ்சு போடலாம்.

அடியில் விசிறி போல் தடித்த காளான், தண்டில் நீளமான வெடிப்பு, ஒரு பக்கம் தரை பிளந்து மேலெழுந்திருப்பது ஆகிய மூன்றும் ஆபத்தின் அடையாளம். தட்டினால் பொந்துச் சத்தம் வருவது மட்டும் வெட்டுவதற்குக் காரணமாகாது. பொந்தைச் சுற்றியுள்ள தண்டின் வெளிக்கட்டை தடிப்பாக இருந்தால் கிளைப் பாரத்தைக் குறைத்தாலே போதும். வெட்டியே ஆகவேண்டும் என்றால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும், எனவே ஜனவரியிலேயே மனு கொடுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னை ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தது. கேபிளுக்கோ வடிகாலுக்கோ ஒரு பக்க வேர் வெட்டுப்பட்ட மரத்துக்கு அந்தப் பக்கத்தில் பிடி இருக்காது, காற்றில் அதுதான் முதலில் சாயும். கட்டை விரலைவிடத் தடித்த வேர் குறுக்கே வந்தால் குழாயை வளையுங்கள், வேரை வெட்டாதீர்கள்.

மட்டமும் தண்ணீரும்

ஐந்து மீட்டர் கட்டம் போட்டு லெவல் எடுக்கச் சொல்லுங்கள், அதாவது ஒவ்வொரு புள்ளியிலும் தரையின் உயரத்தை அளக்க வேண்டும். அதே வரைபடத்தில் வெளியே உள்ள மழைநீர் வடிகாலின் அடிமட்டமும் இருக்க வேண்டும். பல பழைய பூங்காக்களில் சாலை ஏறி ஏறி, பூங்கா பள்ளமாகிவிட்டது. வடிகாலின் அடிமட்டம் பூங்கா தரைக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் எவ்வளவு குழாய் போட்டாலும் தண்ணீர் வெளியேறாது, மழை வலுக்கும்போது உள்ளேதான் வரும். அத்தகைய இடத்தில் தண்ணீரைப் பூங்காவுக்குள்ளேயே இறக்குவதுதான் வழி.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். ஒரு ஏக்கர் பூங்காவில் 800 சதுர மீட்டர் கல்தரை இருந்து 60 மி.மீ. மழை கொட்டினால் 48,000 லிட்டர். ஈரம் உறிஞ்சியது போக ஏறக்குறைய 40,000 லிட்டர் ஓடி வரும். 150 சதுர மீட்டர் பரப்பில் 30 செ.மீ. ஆழப் பள்ளம் ஒன்று 45,000 லிட்டர் தாங்கும். கல்தரையை இரட்டிப்பாக்கினால் பள்ளமும் இரட்டிப்பாக வேண்டும், ஆனால் இடம் இருக்காது. கல்தரையைக் குறைக்கச் சொல்லி வாதாட இதைவிட நல்ல கணக்கு கிடையாது.

பள்ளம் எங்கே என்று முடிவு செய்யும் முன் மண் தண்ணீரை எவ்வளவு வேகத்தில் குடிக்கிறது என்று பாருங்கள். 30 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழத்தில் குழி தோண்டி, ஒருமுறை நிரப்பி வற்றவிட்டு, மறுபடி நிரப்பி ஒரு மணி நேரத்தில் எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று அளவுகோலில் குறியுங்கள். ஒரு செ.மீ. இறங்கினாலே 30 செ.மீ. பள்ளம் 30 மணி நேரத்தில் வற்றிவிடும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணலில் இது ஒரு பிரச்சினையே இல்லை. களிமண்ணில் அரை செ.மீ.கூட இறங்காவிட்டால், மணல் தட்டுப்படும் ஆழம் வரை துளை போட்டு, மழைநீரை நிலத்தடிக்கு அனுப்பும் மீள்நிரப்புக் குழாய் இறக்க வேண்டும். கொசு பெருகாமல் இருக்க மூன்று நாளுக்குள் தண்ணீர் வற்றியாக வேண்டும், இதில் சமரசம் இல்லை.

மீள்நிரப்புக் குழிகள் இரண்டாவது வருடமே செயலிழப்பதற்குக் காரணம் வண்டல். குழிக்கு முன்னால் 60 செ.மீ. சதுரத்தில், குழாய் மட்டத்துக்குக் கீழே 30 செ.மீ. ஆழமுள்ள வண்டல் தொட்டி ஒன்று கட்டாயம். மூடியை ஒரே ஆள் தூக்க முடிய வேண்டும். நான்கு பேர் தேவைப்படும் கான்கிரீட் மூடியை யாரும் திறந்து சுத்தம் செய்ய மாட்டார்கள்.

லெவல் எடுக்கும்போதே மூன்று, நான்கு இடங்களில் ஒரு மீட்டர் ஆழம் தோண்டிப் பாருங்கள். பேவர் கல்லுக்குக் கீழே கான்கிரீட், அதற்குக் கீழே உடைந்த டைல்ஸ், அதற்கும் கீழே பழைய கிராவல் என்று அடுக்கடுக்காக வரும். இதை அப்புறப்படுத்தும் செலவை எஸ்டிமேட்டில் சேர்க்காவிட்டால் ஒப்பந்ததாரர் அங்கேயே புதைத்துவிட்டு மேலே செம்மண் தூவுவார்.

யார் எப்போது வருகிறார்கள்

ஒரு வார நாள், ஒரு ஞாயிறு என இரண்டு நாள் போதும். காலை 5 முதல் 8, நண்பகல், மாலை 4 முதல் இரவு 8 வரை தலை எண்ணுங்கள், பெண்கள், முதியவர், குழந்தைகள் என்று தனித்தனியாக. நண்பகலில் வருபவர்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். டெலிவரி ஊழியர்கள், கட்டட வேலையாட்கள், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் கால் நீட்டி உட்காருவது அப்போதுதான். அவர்களுக்கு வேண்டியது நிழலில் பெஞ்சு, குடிநீர், கழிப்பறை. எண்ணிக்கையை வார்டு மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் வைத்துப் பேசினால் ‘எனக்கு ஷட்டில் கோர்ட் வேண்டும்’ என்று உரக்கப் பேசும் நால்வரின் திட்டமாக அது முடியாது.

நடைபாதை

ஒரு ஏக்கரில் மதிலையொட்டி ஒரு சுற்று ஏறக்குறைய 220 மீட்டர் வரும். அகலம் 1.8 மீட்டர் வைத்தால் இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்கலாம், பரப்பு 400 சதுர மீட்டருக்குள் அடங்கும். பேவர் கல் போடுவதானால் நடப்பவர்களுக்கு 60 மி.மீ. தடிப்பு, எம்30 என்ற கான்கிரீட் வலிமைத் தரம் போதும். அடியில் நன்றாக இறுக்கிய ஜல்லி 150 மி.மீ., அதன் மேல் மணல் 30 மி.மீ., இரண்டு ஓரமும் பாதையை இறுக்கிப் பிடிக்கும் கெர்ப் கல், நூற்றுக்கு இரண்டு சாய்மானம். கெர்ப் இல்லாவிட்டால் ஓரக்கல் நகர்ந்து நடுக்கல் ஆடத் தொடங்கும். மணலை 60, 70 மி.மீ. கொட்டி மேடு பள்ளத்தைச் சமாளிப்பது அடிக்கடி நடக்கும் குறுக்குவழி. முதல் மழையிலேயே அது குழி விழும்.

மரத்தைச் சுற்றிப் போட்ட சிவப்பு வட்டத்துக்குள் பாதை போக வேண்டியிருந்தால் தோண்டவே வேண்டாம். இருக்கும் மண்ணின் மேல் ஜியோ துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கைத் துணி) விரித்து, தூள் இல்லாத 20 மி.மீ. ஜல்லி 75 மி.மீ. பரப்பி, மேலே செம்மண் கிராவல் போடுங்கள். காற்றும் நீரும் இறங்கும், வேரும் பிழைக்கும். மினுமினுக்கும் கிரானைட்டும் வீட்டு டைல்ஸும் நடைபாதைக்கு ஆகாது, மழையில் முதியவர்களின் இடுப்பை உடைக்கும்.

கேட்டில் 90 செ.மீ. தடையற்ற திறப்பு வேண்டும். மாடு, பைக் வராமல் தடுக்க வைக்கும் சுழல் கேட் சக்கர நாற்காலியையும் தடுத்துவிடும். 15 செ.மீ. படிக்கு 1.8 மீட்டர் நீளச் சாய்தளம், அதாவது 1:12.

விளையாட்டு இடம், மின்சாரம், கழிப்பறை

சறுக்கு, ஊஞ்சலுக்குக் கீழே உருண்டை மணிகளுள்ள ஆற்று மணல் 30 செ.மீ. வேண்டும். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) கூர்மையானது, தூள் கலந்தது, நனைந்து காய்ந்தால் தரையாக இறுகிவிடும். ரப்பர் விரிப்பு போட்டால் நிழலில் மட்டும், இல்லையென்றால் மே மாதத்தில் அதன் மேல் கால் வைக்க முடியாது. எவர்சில்வர் சறுக்கு மேற்கு நோக்கக் கூடாது. ஊஞ்சல் கம்பி 2 மீட்டர் உயரமென்றால் முன்னும் பின்னும் நான்கு நான்கு மீட்டர் காலியாக விடுங்கள்.

மின்கேபிள் 75 செ.மீ. ஆழத்தில், மணல் படுக்கையில், மேலே செங்கல் மூடி போக வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான், தனி எர்த், கம்பத்துக்குள் ஒட்டுப்போட்ட வயர் இல்லை. மின்பெட்டியின் அடி, 2015 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே நின்ற மட்டத்துக்கு மேலே. குழந்தைகள் ஈரக்கையோடு கம்பத்தைப் பிடிக்கும் இடம் இது. பணம் பற்றாவிட்டால் அலங்கார விளக்கைக் குறையுங்கள், இதைக் குறைக்காதீர்கள். மரக்கிளைக்கு மேலே நிற்கும் உயரக் கம்பம் இலைக்குத்தான் வெளிச்சம் தரும். 3.5 மீட்டர் கம்பம், மஞ்சள் சாயல் எல்இடி போதும்.

கழிப்பறையைக் கேட் அருகே, பார்வை படும் இடத்தில் கட்டுங்கள். பின்மூலையில் கட்டியது பூட்டியே கிடக்கும்.

புல்லும் செடியும்

கொரியன் புல்லுக்குக் கோடையில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் பிடிக்கும். 1,000 சதுர மீட்டர் புல்வெளிக்கு மாதம் 1.5 லட்சம் லிட்டர், அதாவது 9,000 லிட்டர் லாரி 17 லோடு. போர்வெல் வற்றும் பகுதியில் இது நடக்காத காரியம். மரநிழலில் அது வளரவும் செய்யாது. நிழலில் நந்தியாவட்டை, பவழமல்லி, ஆடாதொடை வையுங்கள். மழைப் பள்ளத்தில் வெட்டிவேரும் கல்வாழையும், ஓரத்தில் நீர்மருது, நாவல். காலி இடத்துக்குப் புங்கன், மகிழம், புன்னை, இலுப்பை.

கன்று 1.5 முதல் 2 மீட்டர் உயரம், குழி ஒரு மீட்டர் கனசதுரம். நர்சரிப் பையில் சுருண்டிருக்கும் வேரைக் கத்தியால் நீளவாக்கில் கீறிப் பிரித்து விடுங்கள், பை மண்ணின் மேல்மட்டம் தரைமட்டத்தோடு நிற்கட்டும்.

எஸ்டிமேட்டும் ஒப்பந்தமும்

‘தோட்ட வேலை, மொத்தமாக’ என்று ஒரே வரியில் வரும் எஸ்டிமேட்டை ஏற்காதீர்கள். செடியின் பெயர், உயரம், எண்ணிக்கை, மண்ணின் கன அளவு எல்லாம் தனித்தனியாக வேண்டும். 300 சதுர மீட்டருக்கு 15 செ.மீ. செம்மண் என்றால் 45 கனமீட்டர், லாரிக்காரர் கணக்கில் 16 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). இது எழுத்தில் இருந்தால்தான் எத்தனை லோடு இறங்கியது என்று எண்ண முடியும். நடவையும் ஓராண்டுப் பராமரிப்பையும் கட்டுமானத்திலிருந்து பிரித்துத் தனி ஒப்பந்தமாக்கி, பிழைத்த செடியின் எண்ணிக்கையை வைத்துப் பணம் தருமாறு எழுதுங்கள். நிதி பற்றாவிட்டால் நமக்கு நாமே திட்டம், சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆகியவற்றைக் கேட்கலாம். ஆனால் அவை கட்டுவதற்குத்தான் உதவும், தண்ணீர் ஊற்றும் ஆளுக்குச் சம்பளம் எங்கிருந்து என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்.

வேலையின் வரிசை இது, மாற்ற வேண்டாம்:

1. மரங்களைச் சுற்றி வேலி, பழைய ரப்பீஷ் அகற்றல்
2. வடிகால், மழைப் பள்ளம், தண்ணீர்க் குழாய், கேபிள்
3. கழிப்பறை, கெர்ப், நடைபாதை
4. விளையாட்டுச் சாமான், பெஞ்சு, விளக்கு
5. மண் கிளறி உரமிடுதல், நடவு

கல் போட்ட பிறகு கேபிளுக்காகப் பெயர்த்தால் அந்த இடம் கட்டாயம் தாழும்.

இறுதிப் பில்லுக்கு முன் மூன்றை வாங்கிக்கொள்ளுங்கள்: குழாயும் கேபிளும் உண்மையில் எந்த வழியில் போகின்றன என்ற வரைபடம், அவை மூடப்படும் முன் எடுத்த படங்கள், எர்த் சோதனை அறிக்கை. வண்டல் தொட்டி மூடிகளை நேரில் தூக்கிப் பாருங்கள். ஒப்பந்ததாரர் தன் செலவில் குறைகளைச் சரிசெய்ய வேண்டிய குறைதீர்ப்புக் காலம் ஒரு முழு வடகிழக்குப் பருவமழையையாவது உள்ளடக்கியிருக்க வேண்டும், ஆகஸ்டில் முடிந்த வேலைக்கு அது நவம்பரில் காலாவதியாகக் கூடாது.