கும்மிடிப்பூண்டி லைன்ல ஏறி கனவு காண்பது எப்படி

தண்டையார்பேட்டையில எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. பிரிண்ட் வர்ற வரைக்கும் காலேஜ் பசங்க கவுன்டர்ல சாஞ்சிக்கிட்டு ரீல்ஸ் பார்ப்பாங்க. மணாலி, லடாக், பாலி. "ஒரு நாள் போகணும்க்கா." எப்போடா? "காசு வரட்டும்க்கா." அப்போ நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: கொருக்குப்பேட்டையில வடக்கே போற ட்ரெயின்ல ஏறி, அது நிக்கிற கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்கியா? இதுவரைக்கும் எவனும் போயிருக்கேன்னு சொன்னதில்ல. மெட்ராஸ்ல லீவுன்னா எல்லாரும் தெக்கேதான் ஓடுறாங்க. ஈ.சி.ஆர், மகாபலிபுரம், பாண்டி. வடக்கே எண்ணூர் வரைக்கும் வந்தாலே மூக்கைப் பொத்திக்குவாங்க.

அதனால உங்க முதல் பயணத்தை பழவேற்காட்டுல ஆரம்பிங்க. கும்மிடிப்பூண்டி ட்ரெயின்ல கிழக்குப் பக்கம் ஜன்னல் சீட்டைப் பிடிங்க. எண்ணூர் தாண்டினதும் கழிமுகம் வரும், தண்ணிக்கு மேல ட்ரெயின் போகும், அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிங்க தெரியும். அழகான காட்சின்னு சொல்ல மாட்டேன். ஆனா அதைப் பார்த்துட்டுப் போனாத்தான் மீஞ்சூர் தாண்டி வர்ற பச்சை கண்ணுக்கு உறைக்கும். பொன்னேரியில இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ, அங்கிருந்து பழவேற்காடு பஸ். சுமார் 18 கிலோமீட்டர்.

ஊருக்குள்ள போனதும் கடலுக்கு ஓடாதீங்க. முதல்ல டச்சுக்காரங்க கல்லறைக்குப் போங்க. வாசல்ல ரெண்டு பக்கமும் கல்லுல செதுக்கின எலும்புக்கூடு நிக்கும். நான் முதல் தடவை போனப்ப ஒரு ஆடு அதுல முதுகைத் தேய்ச்சிக்கிட்டு இருந்துச்சு. உள்ளே பெரிய பெரிய கல்லு, அதுல குடும்பச் சின்னம், கப்பல்காரங்க பேரு, டச்சு எழுத்து. படிக்கத் தெரியாட்டியும் விரலை வெச்சித் தடவிப் பாருங்க, நானூறு வருஷத்துக்குக் கொஞ்சம் கம்மியான எழுத்து இன்னும் விரல்ல தட்டும். 1613-ல இங்கே கெல்ட்ரியான்னு ஒரு கோட்டை கட்டினாங்க. 1690-ல தலைமை இடத்தை நாகப்பட்டினத்துக்கு மாத்துற வரைக்கும் சோழமண்டலக் கரையில டச்சுக்காரங்களுக்கு இதுதான் தலைநகரம் மாதிரி. இப்போ கோட்டை இருந்த இடத்துல புதர்தான். கோட்டையைத் தேடி அலைஞ்சா வெயில்தான் மிச்சம்.

இந்த ஊர்ல இருந்துதான் கட்டம் போட்ட துணி கப்பல் ஏறிச்சு. மலேசியாவுல கட்டம் போட்ட கைலிக்கு இன்னைக்கும் 'காயின் பெலேகாட்'னுதான் பேரு, பழவேற்காடுதான் அங்கே பெலேகாட் ஆயிடுச்சு. எங்க அப்பா வீட்ல கட்டிக்கிட்டுத் திரிஞ்ச கைலிக்குப் பின்னாடி இவ்ளோ கதை இருக்குன்னு தெரிஞ்சதும் அதைத் துவைக்கக்கூட பயமா இருந்துச்சு.

அப்புறம் பாலத்தைத் தாண்டி லைட் ஹவுஸ் குப்பம் பக்கம் போங்க, ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் கடல். மீன்பிடிக்கிற காசிமேட்டுப் பசங்களுக்கு ஒரு விஷயம்: இங்கே ஏரியில யார் எந்த இடத்துல எந்த நாள்ல வலை போடணும்னு முறை வெச்சிருக்காங்க, அதுக்கு 'பாடு'ன்னு பேரு. கரையில உட்கார்ந்திருக்கிற பெரியவங்க யாரையாவது கேளுங்க, நேரம் போறதே தெரியாம சொல்லுவாங்க. படகு விஷயத்துல மட்டும் நான் கறார். 2011 கிறிஸ்துமஸ் அன்னைக்கு இங்கே படகு கவிழ்ந்து இருபது பேருக்கு மேல போயிட்டாங்க. யாராவது "வாங்க, ஒரு ரவுண்டு"ன்னு கூப்பிட்டா, லைஃப் ஜாக்கெட் இல்லாம ஏறாதீங்க. கரையில நின்னு பார்த்தாலும் ஏரி ஏரிதான்.

எந்த மாசம்கிறது முக்கியம். பூநாரை பார்க்கணும்னு நான் மே மாசம் போனேன். ஏரியில பாதி சேறு, பறவைன்னு பார்த்தா காக்கா. குத்தம் என்னுதுதான், மழைக்கு அப்புறம் வர்ற பறவையை அக்னி நட்சத்திரத்துல தேடினா? நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள போங்க. திரும்பி வர்ற பஸ் எத்தனை மணிக்குன்னு இறங்கின உடனே கண்டக்டர்கிட்டயே கேட்டுக்கோங்க.

ரெண்டாவது கனவு இதே லைன்ல இன்னும் மேலே, ஆந்திராவுல: சூலூர்பேட்டை. அங்கே போற வண்டி ஒரு நாளைக்குச் சிலதுதான், நேரம் பார்த்துக் கிளம்பணும். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போற ரோடு இதே பழவேற்காடு ஏரி நடுவுலயே போகும், சீசன்ல ரெண்டு பக்கமும் பூநாரை. ராக்கெட் விடுறதை ஜனங்க உட்கார்ந்து பார்க்கிறதுக்குன்னு 2019-ல அங்கே கேலரி திறந்தாங்க. இஸ்ரோ வெப்சைட்ல பதிவு பண்ணணும், காசு கிடையாது. பதிவு எப்போ திறக்கும்னு செய்தியைக் கவனிச்சிக்கிட்டே இருக்கணும், திறந்ததும் மடமடன்னு முடிஞ்சிடும். பதிவுல என்ன அடையாள அட்டை கொடுத்தீங்களோ அதையே கையில கொண்டு போங்க. நேரம் தள்ளிப் போறதும் நடக்கும், அதனால மறுநாள் பரீட்சை இருக்கிறவங்க போகாதீங்க. எங்க மொட்டை மாடியில இருந்தே ராத்திரி விடுற ராக்கெட் ஒரு ஆரஞ்சுப் பொட்டா ஏறுறது தெரியும். கேலரியில பார்க்கிறது வேற. முதல்ல வெளிச்சம் மட்டும் சத்தமே இல்லாம எழும்பும், எல்லாரும் கத்துவாங்க, அதுக்கப்புறம்தான் இடி மாதிரி ஒண்ணு வந்து நெஞ்சுல மோதும்.

வண்டி வெச்சிருக்கிற நாலு பேர் சேர்ந்தா சூலூர்பேட்டைக்கு வடக்கே நேலப்பட்டுக்கும் போயிட்டு வந்துடலாம். தண்ணிக்குள்ள நிக்கிற மரத்துல கூழைக்கடா கூடு கட்டுற இடம். வேடந்தாங்கல் மாதிரிதான், கூட்டம் கம்மி.

மூணாவதுக்கு நானே இன்னும் போகல. பழவேற்காடு நாட்டுலயே ரெண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி. முதலாவது ஒடிசாவுல இருக்கிற சிலிகா. நம்ம கொருக்குப்பேட்டை தண்டவாளத்துலயே விடாம வடக்கே போனா, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல தாண்டி, ட்ரெயின் அந்த ஏரிக்கரையை ஒட்டியே ஓடுது. அந்த ஏரியில டால்பின் இருக்கு. கரையில ஒரு ஸ்டேஷன் பேரு ரம்பா. பசங்க சிரிக்கிறாங்க, நிஜமாவே அதுதான் பேரு.

அந்த ரயில்வே மேப்பை ஏ-3 பேப்பர்ல பிரிண்ட் போட்டு லேமினேட் பண்ணி கவுன்டர் கண்ணாடிக்கு அடியில வெச்சிருக்கேன். பழவேற்காடு போயிட்டு வந்தவங்க அதுல பொன்னேரி மேல மார்க்கர்ல ஒரு புள்ளி வெக்கலாம். ரம்பா மேல மட்டும் யாரும் வெக்கக் கூடாது. அது என்னுது.