டேப்லெட் படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது நடக்கும் தவறுகள்

'ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது' என்று டேப்லெட் அழ ஆரம்பித்த பிறகுதான் நம்மில் பலருக்குப் படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் நினைப்பே வருகிறது. அதனால் படத்தைப் பத்திரப்படுத்துவதும் இடத்தைக் காலி செய்வதும் ஒரே வேலை என்று ஆகிவிடுகிறது. நான் பார்த்தவரை, படங்கள் காணாமல் போன கதைகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

என் கதையும் அப்படித்தான். அக்கா மகளின் காதுகுத்துப் படங்கள் வீட்டு டேப்லெட்டில் இருந்தன. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, 'காப்பி' கொடுக்காமல் 'கட்' கொடுத்து, டெஸ்க்டாப்பில் 'பேஸ்ட்' செய்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் கேபிள் ஆடி, தொடர்பு அறுந்து கிடந்தது. பாதிப் படங்கள் இங்கே, பாதி அங்கே. தாய்மாமன் மடியில் குழந்தை உட்கார்ந்திருக்கும் முக்கியமான படத்தைத் திறந்தால் மேலே பந்தல் மட்டும் தெரிகிறது; கீழே முழுக்கச் சாம்பல் நிறம். டேப்லெட்டில் தேடினால் அங்கேயும் இல்லை. அந்தத் தாய்மாமன் நான்தான் என்பதால், வீட்டில் யாரையும் குறை சொல்லவும் வழியில்லை.

அதனால் முதல் பேச்சு: 'கட்' வேண்டாம், 'காப்பி' மட்டும். விண்டோஸில் 'இம்போர்ட்' வழியாகக் கொண்டுவருபவர்கள், இறக்கியதும் மூலப்படத்தை அழித்துவிடும்படி ஒரு டிக் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

ஆண்ட்ராய்டு டேப்லெட் பென்டிரைவ் மாதிரி நடந்துகொள்ளாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பென்டிரைவைக் குத்தினால் கம்ப்யூட்டர் அதை நேரடியாகப் படிக்கும். டேப்லெட்டோ எம்டிபி என்ற முறையில் பேசும். கம்ப்யூட்டர் ஒவ்வொரு கோப்பாகக் கேட்க, டேப்லெட் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும். ஐயாயிரம் படங்களை ஒரே மூச்சில் கேட்டால் அது திணறுவதும், பச்சைக் கோடு பாதியில் அப்படியே நின்றுபோவதும் சகஜம். இருநூறு, முந்நூறாகப் பிரித்து எடுங்கள். மெதுவாகத் தெரிந்தாலும் மொத்தத்தில் சீக்கிரம் முடிவது இந்த வழிதான். டெஸ்க்டாப்பின் முன்பக்கத் துளை தளர்ந்திருந்தால் பின்பக்கத்தில் செருகுங்கள்.

கேபிளைச் செருகியும் கம்ப்யூட்டரில் ஒன்றும் வரவில்லை என்றால் உடனே டிரைவர் மென்பொருள் தேடி ஓட வேண்டாம். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறையச் சுற்றுகின்றன. அவற்றில் தகவல் போகும் கம்பியே இருக்காது. கேபிள் சரி என்றால், டேப்லெட்டின் பூட்டைத் திறந்து மேலிருந்து அறிவிப்புத் திரையை இழுத்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 6-இலிருந்து, செருகியதும் சார்ஜ் மட்டுமே ஏறும். 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐபேட் என்றால், இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா என்று கேட்கும். 'டிரஸ்ட்' கொடுக்காதவரை ஃபோல்டர் காலியாகத்தான் தெரியும். அதைப் பார்த்துப் படமெல்லாம் போய்விட்டது என்று பயந்து, டேப்லெட்டை ரீசெட் செய்யப் போனவர்களும் உண்டு.

அடுத்தது, டிசிஐஎம் ஃபோல்டரை மட்டும் காப்பி செய்துவிட்டு எல்லாம் வந்துவிட்டது என்று நினைப்பது. கேமராவில் எடுத்தவை மட்டும்தான் அங்கே நிச்சயமாக இருக்கும். ஸ்கிரீன்ஷாட்கள் 'பிக்சர்ஸ்' ஃபோல்டரிலும், இறக்கியவை 'டவுன்லோட்' ஃபோல்டரிலும் இருக்கலாம். வாட்ஸ்அப் படங்கள் இப்போதைய ஆண்ட்ராய்டில் இன்னும் உள்ளே: 'ஆண்ட்ராய்டு', அதற்குள் 'மீடியா', அதற்குள் 'காம்.வாட்ஸ்அப்' என்று இறங்கிப் போக வேண்டும். மெமரி கார்டு போட்டிருந்தால் அது தனியாகத் தெரியும். அதிலும் ஒரு டிசிஐஎம் இருக்கும்.

கார்டைக் கழற்றி ரீடரில் போடுவது வேகமான வழிதான். ஆனால் அந்தக் கார்டை டேப்லெட்டின் உள் சேமிப்பகமாக மாற்றி வைத்திருந்தால் அது குறியாக்கப்பட்டிருக்கும், கம்ப்யூட்டரால் படிக்க முடியாது. 'ஃபார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்கும். அங்கே 'யெஸ்' அழுத்தினால் கதை முடிந்தது. பேசாமல் கார்டைத் திருப்பி டேப்லெட்டிலேயே போட்டு, கேபிள் வழியாக எடுங்கள்.

கேபிள் தொல்லையே வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அவசரத்துக்கு ஒரு படம், இரண்டு படம் என்றால் சரி. ஆனால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும்; எடுத்த தேதி, இடம் போன்ற உள்தகவலும் போய்விடும். காதுகுத்துப் படத்துக்காக உறவினர்களிடம் கேட்டு அலைந்தபோது எனக்குக் கிடைத்தது அப்படிச் சுருங்கிய ஒரு பிரதிதான். பெரிதாக்கி மாட்டலாம் என்று ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போனால், ஸ்டுடியோக்காரர் திரையில் பார்த்துவிட்டு, 'தம்பி, இது போஸ்ட்கார்டு அளவுக்குத்தான் தாங்கும்' என்றார். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் 'டாக்குமென்ட்' ஆக இணைத்து அனுப்புங்கள். கோப்பு அப்படியே போகும்.

ஐபேட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக இரண்டு சிக்கல்கள். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11-இலிருந்து புதிய ஐபேட்கள் படங்களை ஜேபெக்குக்குப் பதில் ஹெச்இஐசி வடிவத்தில் சேமிக்கின்றன. 'போட்டோஸ்' செட்டிங்ஸின் அடியில், மேக் அல்லது பிசிக்கு மாற்றுவது பற்றி ஒரு பகுதி இருக்கும். அங்கே 'ஆட்டோமேட்டிக்' இருந்தால், ஐபேட் ஒவ்வொரு படத்தையும் ஜேபெக்காக மாற்றிக்கொண்டே அனுப்பும். நடுவில் சாதனம் இயங்கவில்லை என்று விண்டோஸ் பிழை காட்டி நிற்பது பெரும்பாலும் இதனால்தான். 'கீப் ஒரிஜினல்ஸ்' என்று மாற்றினால் நிற்காமல் வரும். பிறகு விண்டோஸில் படம் திறக்கவில்லை என்றால், இந்த வகைப் படங்களுக்கான ஹெச்இஐஎஃப் நீட்சி மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கிறது.

இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. ஐகிளவுடில் 'ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ்' போட்டிருந்தால் முழு அளவுப் படம் ஐபேடில் இல்லாமலே இருக்கலாம். திரையில் தெரிவது சிறிய நகல். முழு அளவுப் படங்கள் கேபிள் வழியாக வராது. ஐகிளவுட் தளத்திலிருந்து இறக்கிக்கொள்வதுதான் வழி.

பெயர்ச் சண்டை ஒன்றும் உண்டு. ஐபேட் படங்களின் எண் 9999-ஐத் தாண்டியதும் மறுபடி 0001-இலிருந்து தொடங்கும். பழைய படங்கள் இருக்கும் அதே ஃபோல்டரில் கொட்டினால், 'இதே பெயரில் கோப்பு இருக்கிறது, ரீப்ளேஸ் செய்யவா?' என்று கேட்கும். தூக்கக் கலக்கத்தில் 'ஆமாம்' என்று அழுத்தினால், பழனி போய்வந்த படத்தின் மேல் பக்கத்து வீட்டுப் பூனை உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் தேதி போட்டுப் புது ஃபோல்டர் திறந்தால் இந்தக் கேள்வியே வராது.

எல்லாம் வந்த பிறகு சரிபார்ப்பதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இரண்டு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கை ஒன்றா, மொத்த அளவு ஒன்றா என்று பாருங்கள் (ஐபேடில் 'ஆட்டோமேட்டிக்' வைத்திருந்தால் அளவு மாறும், எண்ணிக்கையை மட்டும் நம்புங்கள்). சிறு முன்தோற்றத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம்; பழுதான படத்துக்கும் அது நன்றாகத் தெரியக்கூடும். ஆங்காங்கே பத்துப் பதினைந்து படங்களை முழுசாகத் திறந்து பாருங்கள், வீடியோக்களைக் கடைசி நொடி வரை தள்ளிப் பாருங்கள். தேதிகள் குழம்பிக் கிடந்தால் பயப்பட வேண்டாம். 'டேட் டேக்கன்' வைத்து வரிசைப்படுத்தினால் பழைய ஒழுங்கு திரும்பும்.

அப்புறம்தான் அழிப்பது. அதையும் அன்றைக்கே செய்யாமல், டெஸ்க்டாப்பில் இருப்பதை வெளி ஹார்டுடிஸ்க் ஒன்றிலும் ஏற்றிவிட்டுச் செய்யுங்கள். கூகுள் போட்டோஸ் பேக்கப்போ ஐகிளவுட் போட்டோஸோ ஓடிக்கொண்டிருந்தால், அந்த ஆப்பில் டெலிட் செய்வது டேப்லெட்டிலிருந்து மட்டும் போகாது. இணையத்தில் இருக்கும் கிளவுட் சேமிப்பிலிருந்தும், அதே கணக்கில் இருக்கும் மற்றக் கருவிகளிலிருந்தும் போகும். அழித்த பிறகும் இடம் காலியாகவில்லையே என்று எரிச்சல்பட்டு மிச்சத்தையும் அழிக்கத் தொடங்காதீர்கள். ஐபேடில் அவை 'ரீசன்ட்லி டெலிட்டட்' ஆல்பத்தில் 30 நாள்வரை இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.