விலகியவர்களின் கணக்கை இப்படிப் பிரித்துப் பாருங்கள்

திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்களில் மனிதவளத் துறை மாதாமாதம் "பணியாளர் விலகல் இத்தனை சதவீதம்" என்று ஒற்றை எண்ணை முதலாளி மேசையில் வைப்பதுண்டு. அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. சேர்ந்த 90 நாட்களுக்குள் போனவர்களைத் தனியே பிரியுங்கள். உதாரணமாக, ஆண்டில் விலகிய 40 தையல் தொழிலாளர்களில் 28 பேர் அப்படிப் போயிருந்தால், சம்பள உயர்வு மட்டும் அதைத் தடுத்துவிடாது. ஆள் எடுக்கும் முறை, பயிற்சி, விடுதிச் சாப்பாடு, சூப்பர்வைசரின் வாய் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். விலகியவர்களைத் தையல் லைன் (தையல் வரிசை) வாரியாகப் பிரித்தால் சூப்பர்வைசர் மீதான அந்தக் கடைசிச் சந்தேகம் சீக்கிரமே தெளிந்துவிடும்!

அதே தாளில் ஆர்டர் தேதிகளையும் எழுதுங்கள். தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் எப்போது திரும்பினார்கள் என்பது பழைய வருகைப் பதிவேட்டிலேயே இருக்கிறது. அந்த வாரங்களில் எத்தனை பீஸ் தைக்க முடியும் என்று குறைத்துக் கணக்கிட்ட பிறகே டெலிவரி தேதிக்கு ஒப்புக்கொள்ளுங்கள். கப்பலைத் தவறவிட்டுச் சரக்கை விமானத்தில் அனுப்பினால் லாபம் அதிலேயே கரைந்துவிடும். அந்தக் கூடுதல் செலவை ரூபாயில் எழுதிக் காட்டுங்கள். சதவீதத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காத முதலாளியும் கேள்வி கேட்கத் தொடங்குவார்.