முதல் நெடுந்தூர ட்ரெக்கிங்: பை உட்கார வேண்டிய இடம் தோள் அல்ல, இடுப்பு

டென்ட், சாப்பாடு எல்லாவற்றையும் முதுகில் சுமந்து நாலைந்து நாள் நடக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் முதல் பயணத்தில் இரண்டாம் நாள் மதியமே தோள் இரண்டும் எரிந்தன, இடது கை விரல்கள் மரத்துப்போயின. உடம்பில் தெம்பு போதவில்லை என்றுதான் நினைத்தேன். உண்மையில் பையை மாட்டத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எடை. எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாக நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர், சாப்பாடு உட்பட மொத்தம் உங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பாருங்கள். 60 கிலோ ஆளுக்கு 12 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. குறைக்க வேண்டுமென்றால் டென்ட், ஸ்லீப்பிங் பேக், பை இந்த மூன்றில் கை வையுங்கள், சில்லறைச் சாமான்களில் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது. உடை நடக்க ஒன்று, தூங்க ஒன்று போதும். பருத்தி வேண்டவே வேண்டாம், நனைந்தால் லேசில் காயாது, குளிரில் உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும்.

அடுக்குவது. ஸ்லீப்பிங் பேக் அடியில், கனமானவை நடுவில் முதுகை ஒட்டி, மழைக்கோட்டு மேலே. பைக்கு வெளியே மாட்டும் மழை உறையை நான் நம்புவதில்லை, முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கிவிடுகிறது. பைக்குள் தடிமனான பெரிய குப்பைப் பை ஒன்றை விரித்து, சாமான்களை அதற்குள் போட்டு வாயை முறுக்கி மடக்கிவிடுங்கள்.

மாட்டுவது. இங்கேதான் நான் தடுக்கினேன், அதனால் நிதானமாகப் படியுங்கள். முதலில் எல்லா வார்களையும் தளர்த்துங்கள். பையை மாட்டியதும் தோள்களைக் காதுவரை தூக்கிக்கொண்டு இடுப்புப் பட்டையைப் பூட்டுங்கள். இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றினால் விரலுக்குக் கீழே எலும்பின் மேல்விளிம்பு தட்டுப்படும், பட்டையின் நடுப்பகுதி அந்த விளிம்பின் மேல் உட்கார வேண்டும். இறுக்குங்கள். இப்போது தோள்களை இறக்கி, தோள் வார்களை உடம்பைத் தொடும் அளவுக்கு மட்டும் இழுங்கள். அப்புறம் தோளின் மேலிருந்து பையின் உச்சிக்குப் போகும் சின்ன வார்கள், கடைசியாக நெஞ்சு வார். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தோள் வாருக்கும் தோளுக்கும் நடுவே இரண்டு விரலை நுழையுங்கள். தாராளமாக நுழைந்தால் பாரம் இடுப்புக்குப் போய்விட்டது.

பின்சேர்க்கை: இப்படியே செய்தும் பட்டை வழுக்கி இறங்குகிறது என்று சிலர் கேட்டார்கள். பெரும்பாலும் பட்டை வயிற்றின் மேல் கட்டப்பட்டிருக்கும், அல்லது பையின் அளவே தப்பு. பையை உயரம் பார்த்து வாங்கக் கூடாது. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை முதுகை அளந்து, அந்த அளவுக்கு வாங்குங்கள். நெட்டையானவருக்கும் முதுகு குட்டையாக இருக்கலாம்.

கால். நாள் முழுக்க நடந்தால் பாதம் வீங்கும், ஷூ அரை சைஸ் பெரிதாக எடுங்கள். கனமான பூட்ஸைவிட லேசான ட்ரெயில் ஷூதான் என் கட்சி, நனைந்தாலும் சீக்கிரம் காய்கிறது. குதிகாலில் சுருக்கென்று சூடு தெரிந்த அந்த நிமிடமே நின்று டேப் ஒட்டுங்கள். அடுத்த மேடு ஏறியதும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அதற்குள் கொப்புளம் வந்துவிடும்.

தண்ணீர். வழியில் பிடிக்கும் தண்ணீரைக் குடிப்பதற்குக் கொதிக்க வைத்தால், கொதி வந்த பிறகு ஒரு நிமிடம், 2,000 மீட்டர் உயரத்துக்கு மேல் மூன்று நிமிடம். நுண்குழாய் ஃபில்டர் (மெல்லிய குழாய்கள் வழியே தண்ணீரை வடிகட்டுவது) வைத்திருப்பவர்கள் உறைகுளிரில் அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள். உள்ளே தங்கிய ஈரம் உறைந்தால் குழாய்கள் வெடித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது.

தூரம். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 15 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏற்றம் என்றால் நாலரை மணி. ஓய்வு இதில் சேராது, பாரத்தோடு நடக்கும் புதியவர்கள் தாராளமாகவே கூட்டிக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு முழு எடையோடு ஓரிரவு வெளியே தங்கிப் பாருங்கள். எந்த வழி, எங்கே தங்கல், எந்த நாள் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். முதல் நாள் காலை நடக்க ஆரம்பித்துக் கால் மணி நேரத்தில் ஒரு தடவை நின்று, இடுப்புப் பட்டையை மறுபடி இறுக்குங்கள். சாமான்கள் அதற்குள் ஒரு விரல்கடை இறங்கியிருக்கும்.