பரஞ்சி எரிப்பைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்ச் 8 நெருங்கினால் ஒரு படம் சுற்றுக்கு வந்துவிடும். 1927, சோவியத் உஸ்பெகிஸ்தான். நகரச் சதுக்கத்தில் பெண்கள் பரஞ்சி எனப்படும் திரை அங்கிகளையும் முகத்திரைகளையும் தீயில் போடும் காட்சி. கீழே இரண்டில் ஒரு வரி இருக்கும்: ‘பொதுவுடைமை முஸ்லிம் பெண்ணை விடுவித்த நாள்’, இல்லையென்றால் ‘நாத்திக அரசு இஸ்லாத்தின் மேல் கைவைத்த நாள்’. தீயின் பக்கத்தில் நிற்கும் அந்த உஸ்பெக் பெண் தன் மனதுக்குள் என்ன கணக்குப் போட்டாள் என்று இரண்டு தரப்புமே கேட்பதில்லை. பெண்களின் திரையைக் களையக் கம்யூனிஸ்ட் கட்சி நடத்திய, ஹுஜும் எனப்பட்ட அந்த இயக்கத்தைப் பற்றித் தமிழில் வரும் பிழைகளில் பாதி இதிலிருந்து கிளைப்பவைதான்.

முதலில், ‘சோவியத் அரசு முகத்திரையைச் சட்டம் போட்டுத் தடை செய்தது’ என்று எழுதாதீர்கள். அப்படி ஒரு சட்டம் வரவே இல்லை. தடைச் சட்டம் வேண்டும் என்று பெண் ஊழியர்கள் பலர் கேட்டார்கள். 1920-களின் இறுதியில் கட்சிக்குள் அது சூடாகவே விவாதிக்கப்பட்டது. ஆனால் நிறைவேறவில்லை. கேட்டவர்கள் பக்கம் ஒரு நடைமுறை நியாயம் இருந்தது: சட்டம் என்று ஒன்று இருந்தால், ‘நானாகவா கழற்றினேன், சர்க்கார் உத்தரவு’ என்று மாமியாரிடமும் தெருக்காரர்களிடமும் சொல்லிவிடலாம். சட்டம் இல்லாததால் கழற்றிய பழி முழுக்க அவள் தலையில்தான் விழுந்தது. சட்டம் போட்டவர்கள் வேறு ஆட்கள். 1936-இல் ஈரானில் தடை விதித்த ரேசா ஷா கம்யூனிஸ்டே அல்ல. 1950-இல் தடை கொண்டுவந்த போஸ்னியா, கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்தாலும், சோவியத்தில் அல்ல, டிட்டோவின் யூகோஸ்லாவியாவில் இருந்தது. மூன்று கதைகளையும் ஒரே பத்தியில் போட்டுக் கலக்குகிறவர்கள் நிறையப் பேர்.

சட்டம் இல்லை, எனவே எல்லாரும் விரும்பித்தான் கழற்றினார்கள் என்று அடுத்த பக்கம் சாய்ந்துவிடவும் வேண்டாம். இயக்கம் கட்சி உறுப்பினர்களின் வீடுகளிலிருந்துதான் தொடங்கியது. மனைவியைத் திரையில்லாமல் கூட்டத்துக்கு அழைத்து வராத உஸ்பெக் கம்யூனிஸ்ட்டின் விசுவாசமே சந்தேகத்துக்கு உள்ளானது. மேடையில் கழற்றிவிட்டு, வீடு போய்ச் சேருமுன்பே மறுபடி போர்த்திக்கொண்ட பெண்கள் ஏராளம். ஆகவே 1927 வசந்த காலத்தில் அதிகாரிகள் மேலிடத்துக்கு அனுப்பிய பெரிய பெரிய எண்களை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். மேடையில் கழற்றியது உடனே கணக்கில் ஏறியது; மறுநாள் திரும்பப் போட்டது அவ்வளவு சீக்கிரம் ஏறவில்லை.

எரிக்கப்பட்டது எது என்பதிலும் குழப்பம் உண்டு. நம்மூர் புர்காவை மனதில் வைத்து எழுதுகிறார்கள். பரஞ்சி என்பது தலையிலிருந்து கணுக்கால் வரை தொங்கும் கனத்த அங்கி. அதன் கைகள் வெறும் பெயருக்கு. கைகளை நுழைக்க முடியாது, இரண்டும் முதுகுப்பக்கம் நீளமாகத் தொங்கும். முகத்தை மறைப்பது சச்வோன்: குதிரை முடியில் நெய்த, விறைப்பான கறுப்புத் திரை. உள்ளிருந்து வெளியே ஓரளவு தெரியும், வெளியிலிருந்து உள்ளே தெரியாது. இது உஸ்பெக், தாஜிக் நகர வாழ்க்கையின் உடை. கசாக், கிர்கிஸ் நாடோடிப் பெண்களிடம் கிடையவே கிடையாது. துருக்மேன் பெண்களுக்கு வாயை மறைக்கும் யஷ்மாக் மட்டும்தான். அதனால் அந்தப் பகுதிகளில் கட்சியின் வேலை பரிசப்பணம், குழந்தை மணம், பலதார மணம் என்று வேறு திசையில் போனது. ‘சோவியத் முஸ்லிம் பெண்கள் எல்லாரும் திரையைக் களைந்தார்கள்’ என்ற வாக்கியம் அந்த வகையிலும் தப்பு. ‘ஆயிரமாண்டுப் பழக்கம்’ என்பதையும் சேர்த்து விட்டுவிடுங்கள். 1865-இல் ரஷ்யர்கள் தாஷ்கந்தைப் பிடித்த பிறகான பல பத்தாண்டுகளில்தான் பரஞ்சி நகரங்களில் இன்னும் அழுத்தமாகப் பரவியது. வயலில் இறங்கும் கிராமத்துப் பெண்ணுக்கு அது தோதுப்படாது.

அப்புறம், கதையை 1927-இலிருந்து தொடங்கும் பழக்கம். 1917-லேயே, போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடிக்குமுன், கசானில் முஸ்லிம் பெண்கள் மாநாடு நடந்துவிட்டது. அடுத்த மாதம் மாஸ்கோவில் கூடிய அனைத்து ரஷ்ய முஸ்லிம் மாநாடு ஆண் பெண் சம உரிமைக்குத் தீர்மானம் போட்டது. முக்லிசா பூபி என்ற தத்தார் பெண் அதே ஆண்டு காஜியாக, அதாவது இஸ்லாமியச் சட்ட நீதிபதியாக, தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண் கல்வி பற்றி ஜதீதுகள் என்ற முஸ்லிம் சீர்திருத்தக்காரர்கள் அதற்கும் முன்பிருந்தே எழுதி வந்தார்கள். பரஞ்சி மார்க்கக் கடமை இல்லை என்று சொன்ன உலமாக்களும் இருந்தார்கள். கட்சியோ அவர்களைத் துணையாகக் கொள்ளாமல் போட்டியாகவே பார்த்தது. என் பார்வையில் ஹுஜுமின் ஆகப் பெரிய சறுக்கல் இதுதான். கட்சியின் பெண்கள் பிரிவான ஜெனத்தெல்கூட 1926 வரை நிதானமாகத்தான் போனது: பெண்கள் மன்றம், எழுத்து வகுப்பு, பெண்கள் மட்டும் போகும் கூட்டுறவுக் கடை. திரையைத் தூக்கிவிட்டுத் துணி வாங்கவும், அப்படியே விவாகரத்து பற்றி விசாரிக்கவும் அங்கே முடிந்தது. சதுக்கத்துத் தீ படத்துக்கு நன்றாக இருக்கிறது, கடை படத்துக்கு ஆகாது. அதனால்தானோ என்னவோ, கடையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

கொலைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 1927-க்கும் 1929-க்கும் இடையில் ஏறத்தாழ 2,000 பெண்கள் கொல்லப்பட்டதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அதைத் துல்லியக் கணக்காக எழுத வேண்டாம். சிறிதாக்கிக் காட்டவும் வேண்டாம். ‘முல்லாக்கள் கொன்றார்கள்’ என்று ஒரே வரியில் முடிப்பதும் சரியில்லை. பல கொலைகளைச் செய்தவர்கள் கணவன், அப்பா, கூடப்பிறந்தவன். நடிகை துர்சுனோய் சயிதஸீமோவா 1928-இல் கணவன் கையால் இறந்தார். நூர்கான் யுல்தாஷேவா என்ற இளம் நடனக்காரர் 1929-இல் தன் சொந்த ஊர் மர்கிலானில், சகோதரனால் குத்திக் கொல்லப்பட்டார். அவருக்கு அங்கே வைத்த சிலையும் உஸ்பெகிஸ்தான் சுதந்திரம் அடைந்த பிறகு அகற்றப்பட்டது. கொன்றவர்கள் குற்றவாளிகள், அதில் பேச்சில்லை. ஆனால், பெண்களை முச்சந்திக்கு அழைத்து வந்த அரசு, அவர்கள் இருட்டிய பின் எந்த வீட்டுக்குத் திரும்புவார்கள் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. கடும் தண்டனைகள் பிணங்கள் விழுந்த பிறகுதான் வந்தன.

‘புரட்சிக்குத் துணை நிற்க ஆலைத் தொழிலாளர் இல்லாத நாட்டில் அந்த இடத்தில் பெண்களை நிறுத்தினார்கள்’ என்று ஆய்வாளர்களிடையே பெயர்பெற்ற ஒரு விளக்கம் உண்டு. மாஸ்கோ ஏன் இறங்கியது என்பதற்கு அது பொருந்தும். பெண்கள் ஏன் வந்தார்கள் என்பதற்குப் பொருந்தாது. சிறுவயதில் கட்டிக்கொடுத்த கணவனிடமிருந்து தப்ப வந்தவள், படிக்க வந்தவள், சம்பளத்துக்கு வந்த அநாதை என்று அவரவருக்கு ஒரு காரணம் இருந்தது.

இன்னொன்று, முடிவுத் தேதி. 1927-இல் பரஞ்சி ஒழிந்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும் உஸ்பெக் நகரத் தெருக்களில் அதைப் பார்க்க முடிந்தது. அதற்கு வெகு முன்பே, 1930-இல், ஜெனத்தெல் கலைக்கப்பட்டது. 1937 வந்தபோது ‘யாங்கி யோல்’ என்ற உஸ்பெக் பெண்கள் இதழின் ஆசிரியராக இருந்த சோபிரா ஹோல்தோரோவாவைக் கைது செய்து முகாமுக்கு அனுப்பினார்கள். பெண் காஜி முக்லிசா பூபி அதே ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்டார். ஹுஜுமை முன்னின்று நடத்திய உஸ்பெக் கட்சித் தலைவர் அக்மல் இக்ராமோவுக்கும் அதே கதி, 1938-இல்.